அகதிகள் செய்த வாத்தியமும் எங்கள் சங்கத்து பேஸ் கிற்றாரும்



சித்திரைப் புத்தாண்டு மலரிலே வழக்கமாகக் கோயில், ஊர், தமிழ்ப் பாடசாலை, பழைய மாணவர் என்று கட்டுரைகள் வரும். இம்முறை நான் ஒரு கிற்றாரைப் பற்றி எழுதப் போகிறேன். "இதென்னடா, வருசப் பிறப்பும் அதுவுமாய்க் கிற்றார்?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. இந்தக் கிற்றாரின் கதைக்குள்ளே எங்கட கதையும் கொஞ்சம் கிடக்கிறது.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கிய ஆளில்லை. ஊரிலே உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. இப்போது மேற்கு லண்டனில் ஒரு பக்ரறியில் அலுமினியத்திலும் உருக்கிலும் துவாரம் போடுகிற மெசினில் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் சங்கத்து இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். அதனால்தான் இந்த விசயம் என் தலையில் வந்து விழுந்தது.

விசயம் இதுதான். 1970களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்குப் படிக்க வந்த ஒரு பெரியவர் காலமான பிறகு, அவருடைய குடும்பத்தார் அவர் வாசித்த பேஸ் கிற்றாரைச் சங்கத்துக்குத் தந்தார்கள். அது ஜேர்மனியில் செய்யப்பட்ட ஹொஃப்னர். வயலின் மாதிரி உருவம், மண்ணிற வாணிஸ், 1960களில் செய்தது. அது வந்த நாள் தொட்டு சங்கத்துக்குள்ளே மூன்று கட்சி. "விற்றால் தமிழ்ப் பாடசாலைக்கு மண்டப வாடகை கட்டலாம்" என்பது ஒரு கட்சி. "கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டும்" என்பது இன்னொரு கட்சி. இசைக்குழுப் பெடியளும் பெட்டையளும் மூன்றாவது கட்சி. "சத்தம் காணாது அண்ணா, புதுப் பிக்கப் போட்டு, தோள்பட்டிக்கு ஒரு ஓட்டை போட்டு, கறுப்புப் பெயின்ற் அடிச்சால் சோக்காய் இருக்கும்" என்கிறார்கள்.

ஒரு பழைய பேஸ் கிற்றாரில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? மாற்றினால் அதன் பெறுமதி என்னவாகும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அது எப்படி உண்டானது, யார் செய்தார்கள், இதே லண்டனில் முன்பு மாற்றியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு றேடியோ திருத்துபவர்

முதலில் பேஸ் கிற்றார் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு தடித்த கம்பிகள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பாட்டுக்கு எப்படிக் கனம் கொடுக்கிறதோ அப்படி அடியிலே நின்று தாங்குகிற வாத்தியம். இளையராஜாவின் பாட்டுகளில் பாடகரின் குரலுக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டு நடந்து போவது போல ஒரு சத்தம் கேட்குமே, அதுதான்.

அதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய டபிள் பேஸ். தூக்கவும் கஷ்டம், மேடையில் கேட்கவும் கஷ்டம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் புல்லேர்ட்டன் என்ற ஊரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபென்டர். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. அவர் 1951ல் "பிரிசிஷன் பேஸ்" என்ற மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். டபிள் பேஸிலே வயலின் போல மெட்டுகள் கிடையாது. இவர் வீணையில் இருப்பது போல மெட்டுகள் வைத்தார். விரலை வைத்தால் சுருதி துல்லியமாக விழும். பிரிசிஷன் என்ற பெயரே அந்தத் துல்லியத்தைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் செய்தார். கழுத்தையும் உடம்பையும் ஒட்டாமல் நாலு ஸ்குறூவால் பூட்டினார். பழுதானால் கழற்றி வேறு போடலாம். பக்ரறியில் வேலை செய்கிறவனுக்கு இது உடனே விளங்கும். கழற்றக்கூடியதாகச் செய்வது ஒரு வகை. ஒட்டிவிடுவது இன்னொரு வகை. இந்த வித்தியாசம் பிறகு தேவைப்படும், மனதில் வைத்திருங்கோ.

ஆனால் 1950களில் இந்த அமெரிக்கச் சாமானை லண்டனில் வாங்க முடியாது. போருக்குப் பிறகு டொலரை மிச்சம் பிடிக்கப் பிரித்தானிய அரசு அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1959ல்தான் அது தளர்ந்தது. அந்த இடைவெளியில் லண்டன் பெடியள் கைக்கு வந்தவை ஜேர்மன் கிற்றார்கள். அவற்றைச் செய்தவர்கள் யார்? அகதிகள்.

ஷோன்பாக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள்

இன்றைய செக் நாட்டின் மேற்கு எல்லையில் லூபி என்று ஒரு சிறிய பட்டினம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு ஷோன்பாக் என்று பெயர். ஜேர்மன் மொழி பேசியவர்கள் பரம்பரை பரம்பரையாக அங்கே வயலின் செய்து வந்தார்கள். கார்ல் ஹொஃப்னர் என்பவர் 1887ல் அங்கேதான் தன் தொழிலைத் தொடங்கினார். எங்கட ஊர்களில் ஒரு தொழிலுக்கென்று ஒரு தெரு இருந்தது போல அது வாத்தியத்துக்கென்றே இருந்த ஊர்.

ஹிட்லரின் போர் 1945ல் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த ஏறக்குறைய 30 இலட்சம் ஜேர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஹிட்லர் செய்த அநியாயத்துக்குப் பழி அந்த இனம் முழுவதன் மேலும் விழுந்தது. கையில் தூக்கக்கூடியதோடு போ என்றார்கள். அந்தக் கட்டளை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஷோன்பாக்கின் கைவினைஞர்களில் பெரும் பகுதியினர் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் எர்லாங்கன் நகரைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். சில நூறு பேர் மட்டும் இருந்த புபென்றொய்த் என்ற கமக்காரக் கிராமம் 1949ல் அவர்களை ஏற்றுக்கொள்ள முடிவு செய்தது. வந்தவர்களின் தொகை இருந்தவர்களை விடப் பல மடங்கு. வீடு கட்டினார்கள், பட்டறை கட்டினார்கள், மறுபடியும் வயலின் செய்தார்கள். காலம் கிற்றாரைக் கேட்டது, கிற்றாரும் செய்தார்கள். கார்லின் மகன் வால்டர் ஹொஃப்னர் 1950களின் நடுவில் வயலின் உருவத்திலேயே, உள்ளே வெறுமையான உடம்போடு ஒரு மின்சார பேஸ் கிற்றார் அமைத்தார். 1956ல் அது விற்பனைக்கு வந்தது. இலக்கம் 500/1. தெரிந்த கைத்தொழிலைப் புதிய தேவைக்கு வளைத்தார்கள். இடம் போனது, கை போகவில்லை.

அதே ஷோன்பாக்கிலிருந்து வந்த இன்னொருவர் பிரெட் வில்ஃபர். அவர் 1946ல் ஃபிராமுஸ் கம்பனியைத் தொடங்கினார்.

இனி லண்டனுக்கு வருவோம். எங்கட ஆக்கள் நெருக்கமாக இருக்கும் கிங்ஸ்பரியில் ஹனிபொட் லேன் இருக்கிறதல்லவா, அங்கே 1939ல் பிறந்தவர் ஜெற் ஹரிஸ். "ஷடோஸ்" குழுவின் பேஸ் கிற்றார்க்காரர். 1960ல் "அப்பாச்சி" என்ற அவர்களது வாத்திய இசை இந்த நாட்டில் முதலிடத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் ஃபென்டர் பேஸை ஆரம்பத்தில் கையில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன்பு அவர் வாசித்தது ஃபிராமுஸ். ஹொஃப்னர் கிற்றார்களை இங்கே இறக்குமதி செய்து விற்றது சாரிங் குறொஸ் றோட்டில் இருந்த செல்மர் கம்பனி. ஆக, பிரித்தானியப் பொப் இசைக்கு அடியிலே நின்று தாங்கிய சத்தத்தில் ஒரு பங்கு அகதிக் கைகளால் செய்த மரத்திலிருந்து வந்தது. இதை எங்கட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் மாற்றியவர்கள் மூவர்

மாற்றம் செய்ததற்குப் பெயர் போன மூன்று பேஸ் கிற்றார்களின் கதையும் லண்டனோடு தொடர்புடையது.

முதலாவது பில் வைமன். பிறகு றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவில் புகழடைந்தவர். தென் லண்டனில் பெஞ்ச் பகுதியில் இருந்தபோது, 1961ல் பழைய மலிவான பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். உடம்பு பெரிது என்று வெட்டிச் சிறிதாக்கினார். மெட்டுகள் தேய்ந்து இரைந்ததால் அவற்றைப் பிடுங்கினார். புது மெட்டு போடுவதுதான் எண்ணம். ஆனால் மெட்டில்லாமலே சத்தம் நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். மெட்டில்லாத மின்சார பேஸ் கிற்றார்களில் மிக முந்தியவற்றில் ஒன்றாக அது இன்று பேசப்படுகிறது.

இரண்டாவது ஜோன் என்ருவிசில். அக்ரனில் படித்தவர், "ஹூ" குழுவில் வாசித்தவர். 1967ல் உடைந்துபோன ஐந்து ஃபென்டர் பேஸ்களின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி அதற்கு "பிராங்கென்ஸ்ரைன்" என்று பெயர் வைத்தார். ஸ்குறூவால் பூட்டிய கழுத்து என்று மேலே சொன்னேனே, அதனால்தான் இது முடிந்தது. அவர் 2002ல் இறந்த பின், 2003ல் லண்டன் சொதபிஸ் ஏலத்தில் அது 62,400 பவுணுக்குப் போனது.

மூன்றாவது பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி. 1961ல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏறக்குறைய 30 பவுணுக்கு ஹொஃப்னர் 500/1 ஒன்றை வாங்கினார். ஃபென்டர் வாங்க அவரிடம் காசில்லை. 1964 அளவில் அதைத் திருத்தக் கொடுத்தபோது புதிதாக வாணிஸ் அடிக்கப்பட்டது. தனித்தனியாக இருந்த இரண்டு பிக்கப்புகளும் ஒரே சட்டத்துக்குள் பூட்டப்பட்டன. 1972 ஒக்ரோபரில் நொட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வான் ஒன்றிலிருந்து அது களவு போனது. ஐம்பது வருசத்துக்குப் பிறகு ஹேஸ்ரிங்ஸ் பட்டினத்தில் ஒரு வீட்டின் மேல்மாடத்தில் கிடந்து, உரியவரிடம் திரும்பி வந்தது. 2024 பெப்ரவரியில் அந்தச் செய்தி வெளிவந்தது. தேடியவர்கள் ஊருக்குச் சொன்ன அடையாளங்களில் அந்த 1964 திருத்தங்களும் இருந்தன.

இதைக் கேட்டவுடன் எங்கட பெடியள் சொன்னார்கள்: "பாத்தீங்களே அண்ணா, வெட்டினதுக்கும் பெயின்ற் அடிச்சதுக்கும் விலை கூடித்தான் இருக்கு!"

இல்லை, பிள்ளையள். இங்கேதான் கணக்கு பிழைக்கிறது. அந்த விலை வெட்டுக்குக் கிடைத்ததல்ல. வாசித்த கைக்குக் கிடைத்தது. என்ருவிசில் கையில் இருந்திராவிட்டால் அது ஐந்து உடைந்த கிற்றார்களின் மிச்சம், அவ்வளவுதான். சாதாரண ஒருவரின் பழைய பேஸைப் பொறுத்தமட்டில் வாங்குகிறவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: பக்ரறியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா? வேறு பெயின்ற் அடித்திருந்தால் விலையில் பாதி போகும் என்பது கிற்றார் வியாபாரிகளிடையே உள்ள வழக்கமான கணக்கு. 1965ல் ஃபென்டர் கம்பனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் இன்றும் கூடிய விலை. அதற்குள்ளும் கைபடாதவைக்கு இன்னும் கூட. ஒரு ஸ்குறூ, ஒரு பிளாஸ்ரிக் மூடி கூட அந்தக் காலத்ததா என்று பார்ப்பார்கள்.

எங்கட முன்னோர் என்ன செய்தவை?

அப்படியென்றால் பழைய வாத்தியத்தைத் தொடவே கூடாதா? அதுவும் பிழையான எண்ணம். வாத்தியம் என்றால் தேவைக்கேற்ப மாறிக்கொண்டு வந்ததுதான்.

வீணையை எடுங்கோ. 17ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய வீணை உருவானது என்கிறார்கள். அந்த மெட்டுகளை மரத்தில் அறையவில்லை, மெழுகில் பதித்தார்கள். மெழுகு பழசானால் எடுத்துவிட்டு மறுபடியும் பதிக்கலாம். மரம் அப்படியே இருக்கும். எத்தனை கெட்டித்தனம் பாருங்கோ!

வயலினை எடுங்கோ. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786 - 1858) ஐரோப்பியரிடமிருந்து வந்த வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தவர். அந்த மரபிலே இன்று வயலினுக்கு என்ன மாற்றம்? கம்பிகளின் சுருதியை மாற்றியிருக்கிறார்கள். தோளில் வைத்து நின்று வாசித்ததை, நிலத்தில் இருந்து தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறார்கள். ஒரு ஓட்டை இல்லை, ஒரு வெட்டு இல்லை. வெள்ளைக்காரருடைய வாத்தியம் முழுக்க எங்கட வாத்தியமாகிவிட்டது. வேண்டுமென்றால் அதே வயலினை நாளைக்கே ஒரு வெள்ளைக்காரர் கையில் கொடுக்கலாம், சுருதி கூட்டிவிட்டு அவர் வாசிப்பார்.

எங்கட காலத்தில் மண்டலின் சிறீனிவாஸ் (1969 - 2014). மண்டலினுக்கு நாலு சோடிக் கம்பி. சோடிக் கம்பியில் கமகம் சரிவராது. அவர் மின்சார மண்டலினை எடுத்து ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு வாசித்தார். அதற்கு வேண்டியபடி வாத்தியத்தைச் செய்வித்தார். தேவைக்குப் புதிதாகச் செய்வது என்பதும் ஒரு வழி. பழையதை வெட்டுவதைவிட அது நல்ல வழி.

இவற்றிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான்: மாற்றலாம். ஆனால் திரும்பிப் போக ஒரு வழி வைத்து மாற்ற வேண்டும். தென் லண்டன் பொறெஸ்ற் ஹில்லில் இருக்கும் ஹோர்னிமன் மியூசியத்தில் ஆயிரக்கணக்கான வாத்தியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கோ. இப்படியான சாமான்களைப் பராமரிக்கிறவர்களின் தொழிலில் இது அடிப்படை விதி: இன்று செய்வதை நாளை வருகிறவர் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கட மெசின் சொப்பில் போர்மன் புதுப் பெடியளுக்குச் சொல்லுவதும் கிட்டத்தட்ட இதுதான். துவாரத்தைப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க ஏலாது.

சரி, என்னென்ன செய்யலாம்?

எங்கள் சங்கத்து ஹொஃப்னருக்காக நான் எழுதிக் கமிட்டிக்குக் கொடுத்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். வீட்டில் பழைய கிற்றார், வயலின் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முதலாவது, கை வைக்க முன் படம் எடுக்க வேண்டும். முன், பின், தலை, உள்ளே இருக்கும் வயர்கள், இலக்கம், ஒவ்வொரு கீறலும். ஹொஃப்னரில் வருசத்துக்கு வருசம் பிக்கப்பின் அமைப்பு மாறியது. அதைப் பார்த்தே எந்தக் காலத்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். அது தெரியாமல் கழற்றக்கூடாது.

இரண்டாவது, சத்தம் காணாது என்றால் முதலில் கிற்றாருக்கு வெளியே மாற்ற வேண்டும். அம்பிளிபயரைச் சரிபார்த்து, இடையிலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறிய பெட்டியைப் பூட்டினால் பாதிக் குறை தீரும். வாத்தியத்தில் ஒரு ஸ்குறூவும் அசையாது. எங்கட குழுவில் இதைச் செய்த பிறகு புதுப் பிக்கப் பற்றிய கதை பெரிதாக எழும்பவில்லை.

மூன்றாவது, கம்பி. கம்பி மாற்றினால் சத்தமே மாறும், வாத்தியத்துக்கு நட்டமில்லை. ஆனால் இந்த பேஸின் கம்பி நீளம் ஏறக்குறைய 30 அங்குலம். ஃபென்டரில் 34. அளவுக்கேற்ற கம்பி வாங்க வேண்டும். மிகத் தடித்த கம்பி போட்டால் அதன் இழுவிசையில் பழைய கழுத்து வளையலாம். இதன் கழுத்து ஃபென்டர் போல ஸ்குறூவில் இல்லை, ஒட்டியது. வளைந்தால் வைத்தியச் செலவு பெரிது. இன்னொன்று: இதில் குதிரை ஒட்டப்படவில்லை, வயலினில் போலக் கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை இடம் மாறிவிடும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். குதிரையின் இடத்தை அளந்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

நான்காவது, பிக்கப் மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே அளவான, அதே ஸ்குறூத் துவாரங்களில் பொருந்தக்கூடியதைத் தேட வேண்டும். மரத்தைக் குடைவது கிடையாது. கழற்றிய பழையதை ஸ்குறூ உட்பட ஒரு பையில் போட்டு, திகதி எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கம்பி முறுக்கும் பிருடைகளுக்கும் இதே விதிதான். எதையும் குப்பையில் போடக்கூடாது. பழைய பேஸில் கழற்றின சாமான் கையோடு இருக்கிறதா இல்லையா என்பது விலையில் பெரிய வித்தியாசம் காட்டும்.

ஐந்தாவது, தோள்பட்டிக்கு ஓட்டை வேண்டாம். பட்டியின் ஒரு முனையை நூல் நாடாவால் தலைப்பகுதியில் கட்டலாம். பழைய ஆக்கள் அப்படித்தான் கட்டினார்கள்.

ஆறாவது, பழுது பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மெட்டு தேய்ந்து இரைந்தால், ஒட்டு விட்டுப்போனால், அது நோய். கிற்றார் செய்யும் தொழிலாளியிடம் கொடுத்துத் திருத்தத்தான் வேண்டும். வாசிக்க முடியாத வாத்தியத்துக்கும் விலை இல்லை. ஆனால் என்ன செய்தீர்கள் என்று அவரிடம் எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

ஏழாவது, லண்டன் குளிர். மாரிகாலத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தால் வீட்டுக் காற்றின் வறட்சியில் மரம் வெடிக்கும். பெட்டிக்குள் வைத்து, வெளிச்சுவரிலிருந்தும் ஹீற்றரிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்.

கடைசியாக, செய்யவே கூடாதது: பெயின்ற் அடித்தல், உரஞ்சுதல், வெட்டுதல், புது ஓட்டை. ஆசைக்குக் கறுப்புக் கிற்றார் வேண்டுமென்றால் கடையில் புதுசு மலிவாக இருக்கிறது. அதை வாங்கி விரும்பினபடி வெட்டுங்கோ, அடியுங்கோ, நானும் துவாரம் போட்டுத் தருகிறேன்.

பெறுமதி என்றால் என்ன?

விலை பார்ப்பதற்காகக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினோம். "இப்படியே இருந்தால் ஒரு விலை, கை வைத்தால் வேறு விலை" என்றார். அவர் சொன்ன காசு எங்கட பாடசாலைக்குச் சில மாத மண்டப வாடகை. அதைச் சிறிய காசு என்று நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவனுக்குப் பவுணின் அருமை தெரியும். விற்க வேண்டும் என்று சொன்ன அண்ணைமாரிலும் பிழையில்லை.

ஆனால் காசைத் தவிர இன்னொரு பெறுமதியும் இருக்கிறது. என் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு இசைக்கோஷ்டியில் பேஸ் கிற்றார் வாசித்தவர். கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாட்டு. சிலோன் மனோகரின் பொப் பாட்டுகள் ஓடிய காலத்திலிருந்து எங்கட ஊர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. 1990ல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். மின்சாரக் கிற்றார் மூலையில் ஊமையாக நின்றது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் அதையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது ஆறு வயது. திரும்பிப் போனபோது வீட்டில் கதவு நிலையே இல்லை, கிற்றாரை எங்கே தேடுவது? அது எந்தக் கம்பனி, எந்த வருசம் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஒரு படம் இல்லை. அதனால்தான் படம் எடுங்கோ, எழுதி வையுங்கோ என்று இவ்வளவு சொல்லுகிறேன்.

எங்களிடம் பழைய பொருட்கள் குறைவு. ஊரில் இருந்தவை எரிந்தன, விடுபட்டன. இங்கே வந்த முதல் தலைமுறை வைத்திருந்தவை ஒவ்வொன்றாகக் குப்பை வண்டிக்குப் போகின்றன. ஷோன்பாக்கிலிருந்து துரத்தப்பட்ட ஒரு தச்சன் இன்னொரு நாட்டில் செய்த வாத்தியத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாணவன் லண்டனில் வாங்கி வாசித்து, அது இன்று இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது பேசாது. வெட்டினால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் போகும்.

கமிட்டி இரண்டு கூட்டங்களில் விவாதித்து எடுத்த முடிவை வாசகர்களுக்கு அறியத் தருகிறேன். கிற்றார் விற்கப்படாது. பிள்ளைகள் அதை வாசிப்பார்கள். மேலே சொன்ன விதிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து பெட்டியின் மூடிக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதோடு ஒரு சிறிய கொப்பியும் இருக்கிறது. என்ன கழற்றினோம், என்ன பூட்டினோம், எந்தத் திகதி, யார் என்று அதில் எழுத வேண்டும். முதற் பக்கத்தில் அந்தப் பெரியவரின் பெயரும், அவர் எந்த வருசம் வாங்கினார் என்பதும், ஷோன்பாக், புபென்றொய்த் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. மண்டப வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இந்தப் புத்தாண்டு விழாவில் இசைக்குழுவுக்குச் சேரும் அன்பளிப்பு முழுவதும் பாடசாலைக்குப் போகும். தாராளமாகத் தாருங்கோ.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே பழைய வயலின், ஆர்மோனியம், மிருதங்கம், கிற்றார் ஏதும் கிடந்தால் எறிய முன் ஒரு படம் எடுத்து, யார் வாசித்தது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கோ. அதற்குக் காசு செலவில்லை, பத்து நிமிசம் போதும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்!